குருதியழுத்தமும் ஒரு குடியரசுத் தலைவரின் மறைவும்

பக்கவாதம் என்னும் பெயர் நோயின் வெளித்தோற்றத்தை மட்டுமே உணர்த்துகிறது. உடலின் ஒரு பக்கம் செயலற்றுப்போவதைக் கண்டோர் இட்ட பெயர் அது. பண்டைக் கிரேக்கரோ, அடித்து வீழ்த்தப்படுதல் என்னும் பொருள்படும் சொல்லால் இந்நோயைக் குறித்தனர். மூளையினுள் குருதி கசிவதே இதற்கு ஒரு காரணம் என்பதை, இறந்தோர் உடலை அறுத்து ஆராய்ந்து 1658ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் வெப்பர். ஆயினும், நாளங்களைச் சிதைக்கும் உயர் குருதியழுத்தத்தை அஞ்சுவதற்கு மருத்துவ உலகம் கற்றுக்கொள்ள மேலும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வரலாறு காட்டுகிறது.

1921இல் அவருடைய கால்களை முடக்கியது இளம்பிள்ளைவாதம் என்றே அக்கால மருத்துவர் கூறினர். அது பக்கவாதமன்று; பெயரிலுள்ள 'வாதம்' கண்டு மாணவர் மயங்கலாகாது. அவர் உயிரைக் கொண்டது வேறொரு நோய். 1941லேயே அவரது குருதியழுத்தம் 188/105 எனப் பதிவாயிற்று. அவருடைய தனி மருத்துவர் மெக்கின்டையரோ காது, மூக்கு, தொண்டை நோய்களில் தேர்ந்தவர். 1944 மார்ச்சில் பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனையில் இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூயென் சோதித்தபோது அழுத்தம் 186/108. இதயம் விரிந்து தளர்ந்திருந்தது. உப்பைக் குறைத்தல், ஓய்வு, புகைபிடித்தலைக் குறைத்தல், இதயத்திற்கு டிஜிட்டாலிஸ் என்பவற்றுக்கு மேல் அன்று செய்யத்தக்கது அதிகமில்லை. அழுத்தத்தைத் திறம்படக் குறைக்கும் மருந்து அன்று இல்லை. உயர் அழுத்தம் உடலுக்குத் தேவையானதே என்று கருதிய மருத்துவரும் இருந்தனர்!

நோயாளியும் தம் நோயைப் பற்றிக் கேட்டாரில்லை; மக்களுக்கோ அவர் நலமுடன் இருப்பதாகவே அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நான்காம் முறையாக வென்றார். மருத்துவத்தின் இயலாமையைப் பொறுக்கலாம். வாக்காளரிடம் உண்மையை மறைத்ததைப் பொறுத்தல் அரிது.

1945 ஏப்ரல் 12ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊரில், ஓவியர் ஒருவர் தம் உருவத்தைத் தீட்டிக்கொண்டிருக்கையில், தலையின் பின்புறத்தில் கடும் வலி என்று கூறிச் சாய்ந்தார் ரூஸ்வெல்ட். புரூயென் அளந்தபோது அழுத்தம் 300/190. மூளைக் குருதிக்கசிவென அவர் உடனே அறிந்தார். பிற்பகல் 3.35க்கு உயிர் பிரிந்தது, அகவை 63. உலகப்போர் முடியாத அந்நாளில், துணைத் தலைவராகி மூன்று திங்களும் நிரம்பாத ட்ரூமன் பதவியேற்றார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அவருக்குச் சொல்லப்பட்டதே அதன் பின்னர்தான். இறப்பு எதிர்பாராதது என்று மெக்கின்டையர் செய்தியாளரிடம் கூறினார்.

1948இல் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவ்வாண்டே மாசசூசெட்ஸ் மாநிலத்து பிரேமிங்காம் நகரில் ஆய்வு தொடங்கிற்று. 5,209 ஆண் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து சோதித்ததில், உயர் அழுத்தமே பக்கவாதத்தின் தலையாய காரணங்களுள் ஒன்றென நிலைநாட்டப்பட்டது. கடுமையான உயர் அழுத்தத்தை மருந்தால் தணித்தால் அத்தகைய கேடுகள் குறையும் என்பதை அமெரிக்கப் படைமுதியோர் மருத்துவமனைகளில் நடந்த சோதனை 1967இல் மெய்ப்பித்தது.

புரூயென் தாம் அறிந்தவற்றை 1970இல்தான் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார். ரூஸ்வெல்ட்டின் மூல நோய்க்குறிப்பேடோ, அவர் இறந்தபின் பெத்தெஸ்டா மருத்துவமனைப் பெட்டகத்திலிருந்து காணாமற்போயிற்று.