நகராத ஆசனம்

நாற்காலி எதற்காக ஏற்பட்டது என்று கேட்டால், உட்காருவதற்குத்தான் என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மனிதன் அதோடு திருப்தி அடைகிற பிராணியா? உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திராமலே நாற்காலி முன்னே போகவேண்டும், பின்னே வரவேண்டும், உயரவேண்டும், தாழவேண்டும் என்று ஆசைப்பட்டான். மோட்டார் வண்டிக்குள் அந்த ஆசை நிறைவேறியது ஒரு கதை. நிறைவேறிய ஆசை ஒரு நாள் பாதி வழியில் நின்றுபோவது இன்னொரு கதை.

முதல் கதை ஆசனத்தில் தொடங்கவில்லை, கல்லாப் பெட்டியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில், கடைகளுக்கான பணப்பதிவு யந்திரம் செய்யும் நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில், சார்லஸ் கெட்டரிங் என்ற என்ஜினீயர் வேலை பார்த்தார். கையால் இயக்கி வந்த அந்த யந்திரத்தை மின்சாரத்தால் இயக்க வழி செய்தவர் அவர். நாள் முழுவதும் ஓடவேண்டிய மோட்டார் பெரிதாக இருக்கவேண்டும். ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும் மோட்டாரோ சிறிதாகவே இருக்கலாம். இந்தச் சின்ன உண்மையை அவர் மறக்கவில்லை. அப்போதெல்லாம் வண்டியின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் என்ஜினைக் கிளப்பவேண்டும். கைப்பிடி திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது, மணிக்கட்டுகள் பிழைத்தன.

மோட்டார் வண்டிக்குள் மின்சாரம் இப்படி நுழைந்தது. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான்! கண்ணாடி ஏற்ற ஒரு மோட்டார், கூரையை மடிக்க ஒரு மோட்டார் என்று வளர்ந்து, கடைசியில் ஆசனத்துக்கு அடியிலும் ஒரு மோட்டார் போய் உட்கார்ந்தது. ஃபோர்டு கம்பெனி 1955-இல் விற்ற தண்டர்பேர்ட் இரண்டே பேர் அமரும் ஒயிலான வண்டி. கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு அதில் மின்சார ஆசனம் கிடைத்தது. 1957-இல் அதற்கும் மேலே போனார்கள். அந்த வருஷத்து 'டயல்-ஓ-மாட்டிக்' ஆசனம், வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பியதும் தானாகப் பின்னே நகர்ந்து தாழ்ந்து, எஜமானர் இறங்க வழி விடும். மறுபடி சாவி போட்டால், அவருக்குப் பழகிய இடத்துக்கே அவரைக் கொண்டுவந்து சேர்க்கும். எந்த வேலைக்காரன் இத்தனை பணிவாக இருப்பான்?

ஜெர்மனியில் 1979-இல் வந்த பெரிய மெர்ஸிடிஸ் வண்டியில் இன்னொரு யுக்தி. கதவிலே ஒரு குட்டி ஆசனம். உட்காரும் பகுதி, சாய்வு, தலையணை எல்லாம் பொம்மைபோல இருக்கும். அதன் முதுகை அழுத்தினால் உங்கள் முதுகு சாயும். விளக்கப் புத்தகமே வேண்டாம். 1989-இல் வந்த அதே கம்பெனியின் எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரிலும் அந்தப் பொம்மை இடம்பெற்றது.

இனி இரண்டாவது கதை. இத்தனை சௌகரியமும் நம்பியிருப்பது, சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடுகிற நகக்கண் அளவு உலோகத் துண்டுகளை. மோட்டாருக்கு இரண்டு கம்பிகள். ஒன்றை பாட்டரியோடும் மற்றதை வண்டியின் உடலோடும் இணைத்தால் ஆசனம் முன்னே போகும். மாற்றி இணைத்தால் பின்னே வரும். மாற்றி மாற்றி இணைப்பதுதான் சுவிட்சின் உத்தியோகம். விரலை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு பொறி பறக்கும். தொடுமுனை கொஞ்சம் கருகும். ஓட்டுபவர் பக்கத்துச் சுவிட்ச் இப்படி உழைத்துத் தேய்கிறது. பக்கத்து ஆசனத்துச் சுவிட்சோ யாரும் தொடாததால் களிம்பேறிக் கெடுகிறது. உழைத்தாலும் கேடு, சும்மா இருந்தாலும் கேடு!

10 ஆம்பியர் மின்சாரம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கருக்கினால் 0.1 ஓம் தடை ஏற்பட்டாலே 1 வோல்ட் அங்கே வீணாகும். 12 வோல்ட் பாட்டரிக்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு. 1955-ஆம் வருஷத்துத் தண்டர்பேர்டில் இருந்ததோ 6 வோல்ட் பாட்டரி. அதே வேலைக்கு 20 ஆம்பியர் வேண்டும். அதே அழுக்கு 2 வோல்ட்டை, அதாவது மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அழுக்கு ஏற ஏற ஆசனம் முனகும், தயங்கும், ஒரு நாள் நின்றே போகும். நெட்டையான கணவர் கடைசியாக ஓட்டிய இடத்தில் நின்றுவிட்டால், குட்டையான மனைவிக்குப் பிரேக் எட்டாது. என்ஜின் சிங்கம்போல் உறுமினாலும் வண்டி கொட்டகையை விட்டுக் கிளம்ப முடியாது.

மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அநேகம். நிதானமுள்ளவர் முதலில் ஒரு சிறு பல்பை மோட்டார் கம்பிகளில் பிடித்துச் சுவிட்சை அழுத்திப் பார்ப்பார். பல்பு மங்கினால், சுவிட்சுக்கு வரும் கம்பியில் பிடித்துப் பார்ப்பார். அங்கே பிரகாசமாக எரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பாட்டரி இணைப்பைக் கழற்றி, சுவிட்சைப் பெயர்த்தெடுத்து, அகலமான தட்டின் மேல் வைத்துத்தான் பிரிக்கவேண்டும். உள்ளே இருக்கும் மிளகளவு குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடினால், அப்புறம் அறை முழுவதும் தவழ வேண்டியதுதான். காய்ந்து பிசினான பழைய கிரீஸை ஸ்பிரிட்டால் துடைத்து, கருக்கை மிக மெல்லிய உப்புத்தாளால் இலேசாக நீவவேண்டும். ஆத்திரப்பட்டுத் தேய்த்தால் மேல்பூச்சும் போய்விடும். பிறகு புதுக் கிரீஸ் ஒரு துளி. அவ்வளவுதான் வைத்தியம்.

இந்த வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பழைய வண்டிகளில் எத்தனையோ காயலான் கடைக்குப் போயிருக்கும். கெட்டரிங்கின் பெயரைச் சரித்திரம் வைத்திருக்கிறது. தட்டின் மேல் குனிந்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும் கருக்கைத் துடைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் சுவிட்சைத் திரும்பப் பொருத்தி அழுத்தும்போது, ஆசனம் மெல்ல ரீங்கரித்துக்கொண்டு முன்னே வருகிறதே, அதுவரை கொட்டகையிலேயே நின்ற அம்மாளின் கால் பிரேக்கைத் தொடுகிறதே, அது போதும் அவருக்கு.