கொள்கையைக் கேட்பதா, கதவைப் பார்ப்பதா?

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் சூபி ஞானி நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடி ஏறுகிறது. ஒரு சாராருக்கு அது பரக்கத்து, அதாவது இறையருள். சீர்திருத்தம் பேசும் இன்னொரு சாராருக்கு அதுவே வழிகேடு. கல்முனை தொடங்கி வினாயகபுரம் வரை கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் இந்தக் கரையில், ஒருவர் பக்தி மற்றவருக்குப் பிழையாகத் தெரிவது புதிதல்ல. ஆனால் ஒரு குழுவை 'கல்ட்' என்று, ஆளை மயக்கி அடிமைகொள்ளும் கூட்டம் என்று, எதை வைத்துத் தீர்மானிப்பது? அதன் கொள்கையை வைத்து என்பதே பலருடைய பதில். அந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கிழக்கிலங்கையின் அண்மை வரலாறே சாட்சி.

காத்தான்குடியின் அப்துர் ரவூப் மௌலவி, உள்ளதெல்லாம் இறைவனே என்னும் பழைய சூபிக் கருத்தை மேடையில் விளக்கினார். 1979இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அவரையும் அக்கருத்தை ஏற்றவர்களையும் 'முர்தத்', அதாவது மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள், என்று பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. வாக்குவாதமாக இருந்தது பின்னாளில் வன்முறையாகியது. 2006 டிசம்பரில் 'பயில்வான்' என்று அறியப்பட்ட மற்றொரு சூபித் தலைவர் அப்துல்லாஹ் மௌத்தானபோது, அடக்கிய ஜனாஸாவைத் தோண்டியெடுக்க வேண்டும் என்று காத்தான்குடி கொந்தளித்தது. 2017 மார்ச் 10ஆம் திகதி அலியார் சந்தியில் ரவூப் மௌலவியின் ஆதரவாளர்களோடு மோதியது ஸஹ்ரான் ஹாஷிமின் தேசிய தௌஹீத் ஜமாஅத். அதன்பின் தலைமறைவான ஸஹ்ரான், 2019 ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் தலைவனாக வெளிப்பட்டான். ஐந்து நாள் கழித்து, கல்முனைக்குப் பக்கத்திலுள்ள சாய்ந்தமருதில் அவனுடைய குடும்பத்தார் ஒளிந்திருந்த வீட்டில் குண்டுகள் வெடித்தன. ஆறு பிள்ளைகள் உட்பட 15 உடல்கள் அங்கே கிடந்தன.

தாக்குதலுக்குப் பின் வெளியான காணொளியில் எட்டுப் பேர் கைகோத்து, ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் தலைவனுக்கு பைஅத் (விசுவாசச் சத்தியம்) செய்கிறார்கள். ஏழு முகங்கள் மூடியிருக்கின்றன. ஸஹ்ரானின் முகம் மட்டும் திறந்திருக்கிறது. ஒரு தலைவன், கேள்விக்கு இடமில்லாத சத்தியம், பிள்ளைகளின் உயிரையும் காணிக்கையாக்கும் கட்டுப்பாடு. அடிமைகொள்ளும் கூட்டத்தின் அடையாளங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஊரோ கொள்கைப் பிழையைத் தேடி, கொடியேற்றுபவரையும் திக்ர் செய்பவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கொள்கை அளவுகோலாகாது என்பதற்கு அமெரிக்காவின் மோர்மன் சபை இன்னும் தெளிவான சான்று. ஜோசப் ஸ்மித் அதை 1830இல் தொடங்கினார். 1838இல் மிசூரி ஆளுநர், மோர்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே துரத்த வேண்டும் என்று ஆணையிட்டார். 1844இல் ஸ்மித்தைக் கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்து கொன்றது. அடிபட்ட அதே மக்கள் 1857இல் யூட்டாவின் மவுண்டன் மெடோஸில் சுமார் 120 குடியேறிகளைக் கொன்றார்கள். சபை 1890இல் பலதார மணத்தைக் கைவிட்டது. 1978இல் கறுப்பினத்தவருக்கு மறுத்திருந்த குருத்துவத்தைத் திறந்துவிட்டது. வேதநூல் பெரும்பாலும் அன்றுபோலவே இருக்கிறது; மாறியது நடத்தைதான். இன்று 1 கோடி 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். தலைவர் இறந்தால் மூத்த அப்போஸ்தலர் பொறுப்பேற்கிறார். விலக விரும்புபவர் எழுதிக் கொடுத்து விலகலாம். அதே வேதநூலைக் கையில் வைத்துப் பிரிந்துபோன அடிப்படைவாதக் குழுவிலோ, அதன் தலைவர் வாரன் ஜெஃப்ஸ் யாருக்கு யார் மனைவி என்பதையே தீர்மானித்தார். சிறுமிகள் மீதான பாலியல் குற்றத்துக்காக 2011இல் ஆயுள் தண்டனை பெற்றார்.

மோர்மன் சபையிலும் குறைகள் உண்டே என்பார்கள். உண்டு. வருமானத்தில் பத்திலொரு பங்கு கொடுக்காதவருக்கு ஆலயத்தின் உள்வாசல் திறப்பதில்லை. முதலீடுகளை மறைத்ததற்காக 2023இல் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 இலட்சம் டொலர் அபராதம் கட்டின. விலகியவர்களுக்குக் குடும்பப் பிரிவின் வலியும் நேர்கிறது. இவை கண்டிக்க வேண்டியவை. ஆனால் மார்க்கம் மாறியவரை வீடும் ஊரும் ஒதுக்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதற்காக நாம் நம் மதங்களை 'கல்ட்' என்று அழைப்பதில்லை. இன்றைய மோர்மன் சபை கடுங்கட்டுப்பாடுள்ள ஒரு சபை. அடிமைகொள்ளும் கூட்டம் அல்ல.

பிழையான கொள்கையைப் பிழை என்று சொல்லும் உரிமை உலமாக்களுக்கு இல்லையா என்றும் கேட்கலாம். நிச்சயமாக உண்டு, எந்த மதத்துக்கும் அது உண்டு. ஆனால் கருத்தை மறுப்பது வேறு, ஆளையே சமூகத்திலிருந்து வெட்டிவிடுவது வேறு. வெட்டப்பட்டவன் மீது கை வைப்பது எளிது என்பதைக் காத்தான்குடி கண்டது.

ஆகவே உங்கள் ஊரில் புதிதாக ஒரு குழு தலையெடுத்தால் நாலு கேள்வி கேளுங்கள். வெளியேறக் கதவு திறந்திருக்கிறதா? காசுக்குக் கணக்கு உண்டா? தலைவரைக் கேள்வி கேட்க முடிகிறதா? பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால், அவர்கள் எதை நம்பினாலும் நிம்மதியாக நம்ப விடுங்கள். கிடைக்காவிட்டால், அவர்கள் உங்கள் கொள்கையையே பேசினாலும் சும்மா இருந்துவிடாதீர்கள்.