மூட்டையைப் பிரிக்குமுன்

எங்கள் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு நாள்தோறும் லாரிகள் செல்கின்றன. முருங்கைக்காயை ஒவ்வொன்றாக யாரும் அனுப்புவதில்லை. கட்டாகக் கட்டி ஏற்றி, சேர்ந்த இடத்தில் பிரிக்கின்றனர். கணிப்பொறிக் கோப்புகளும் அவ்வாறே. பல கோப்புகளைச் சுருக்கி ஒரே மூட்டையாக்கி, தொலைவிலுள்ள சர்வருக்கு ஏற்றி, அங்கே பிரிப்பது வழக்கம். அது தோன்றிய வரலாற்றையும், அதில் நான் இழந்ததையும் கூற விரும்புகிறேன்.

முதலில் பாதை. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை அனுப்பும் எஃப்.டி.பி. விதிகளை 1971 ஏப்ரலில் வரைந்தவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பயின்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குச் சென்றவர்.

சுருக்கும் கலையோ அதற்கும் முந்தியது. அதே எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபானோ என்னும் பேராசிரியர், இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது ஒரு புதிருக்கு விடை கண்டு கட்டுரை தரலாம் என்று மாணவர்களிடம் கூறினார். டேவிட் ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்து, மாதக்கணக்கில் முயன்று, கைவிடும் தறுவாயில் விடை கண்டார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறி, அருகி வருவதற்கு நீண்ட குறி. இது 1952இல் அச்சேறியது. எத்தனையோ தேர்வுகளை நடத்திய எனக்கு இச்செய்தி சற்று நாணம் தருவதுண்டு! 1977இல் இஸ்ரேலின் லெம்பெல், ஸிவ் இருவரும் வேறொரு வழி கண்டனர். முன்பு வந்த தொடர் மீண்டும் வருமாயின் அதைத் திரும்ப எழுதாமல், முன்பு வந்த இடத்தைச் சுட்டினால் போதும் என்றனர். இவ்விரு வழிகளும் பிற்காலத்தில் ஒன்றாய் இணைந்தன.

1989இல் பில் காட்ஸ் என்னும் அமெரிக்கர் ஜிப் என்னும் மூட்டையை அமைத்து, எவரும் பயன்படுத்துமாறு அதன் அமைப்பை வெளியிட்டார். அதன் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருக்கும். ஆதலால் ஏற்றுமதி பாதியில் அறுந்தால் பட்டியல் வந்து சேராது. மூட்டை எளிதில் பிரியாது. முழுதும் வந்துவிட்டாலோ, பிரிக்காமலே உள்ளிருப்பதைப் படித்தறியலாம்.

நான் படிக்கவில்லை. ஓய்வுபெற்றபின், பள்ளி ஆண்டிதழ்களைப் படமெடுத்து இணையத்தில் சேர்க்க முனைந்தேன். முதல் மூட்டையில் ஓராண்டின் 52 பக்கங்கள். பிரித்ததும் மூட்டையை அழித்தேன். இடம் மிச்சமாகும் என்று எண்ணம். மறுவாரம் அடுத்த ஆண்டின் 40 பக்கங்களை அதே இடத்தில் பிரித்தேன். இரண்டிலும் 'பக்கம் 1', 'பக்கம் 2' என்றே பெயர்கள். பழையதன்மேல் எழுதலாமா என்று பொறி கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்தினேன்.

தாளில் இருந்த இதழைச் செல் அரித்துவிட்டது. மாணவர் எழுதிய கதைகளும் கவிதைகளும் போயின. நாற்பதுக்குப் பிந்தைய பன்னிரண்டு பக்கங்கள் மட்டும், வேற்றாண்டு இதழின் வாலாக எஞ்சி நிற்கின்றன. அவற்றில் இருப்பது விளையாட்டு விழாப் பரிசுப் பட்டியல்.