யார் பெயரில் இந்தச் சில்லு?

கோலாலம்பூரில் மெடான் பாசார் என்றால் அங்கிருக்கும் மணிக்கூண்டுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியதன் நினைவாகக் கட்டியது. மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த மணிக்கூண்டுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவை இரண்டு கொட்டகைகள். ஒன்றில் சந்தை, இன்னொன்றில் சூதாட்டம். இரண்டும் கப்பித்தான் யாப் ஆ லோய்க்குச் சொந்தம்.

அங்கே ஆடப்பட்ட ஆட்டங்களில் முக்கியமானது ஃபான் தான். விளையாட்டு ரொம்ப எளிது. நடத்துபவர் கைநிறையக் காசுகளையோ சோழிகளையோ அள்ளி வைத்து ஒரு கிண்ணத்தால் மூடுவார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நான்கு பக்கங்களில் பணம் கட்டுவார்கள். கிண்ணத்தைத் தூக்கி, குச்சியால் நான்கு நான்காக ஒதுக்கிக்கொண்டே வருவார். கடைசியில் எத்தனை மிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவருக்கு வெற்றி. மனித மூளைக்கு வேலையே இல்லாத ஆட்டம். ஈயச் சுரங்கத்தில் பகலெல்லாம் மண் சுமந்தவனுக்கு அது போதும்.

இந்த ஆட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கிண்ணத்துக்குள் இருப்பது அல்ல, வெளியே மேசையில் இருப்பது. சூதாட்டம் நடத்தும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. அபினி, சாராயம், அடகுக் கடை, சூது எல்லாமே குத்தகைதான். பல சமயங்களில் சுரங்க முதலாளியே குத்தகைக்காரராகவும் இருப்பார். அவர் தன் தொழிலாளிக்கு அரிசியும் அபினியும் கடனாகக் கொடுப்பார். ஈயம் விற்ற பிறகு கணக்குப் பார்ப்பார். மிஞ்சும் கூலி கொட்டகைக்குப் போகும். கொட்டகையிலிருந்து குத்தகைக்காரரிடம் திரும்பி வரும். பொறியியல் படித்தவனின் கண்ணுக்கு இது கசிவே இல்லாத ஒரு மூடிய சுற்று. என் வேலையில் பம்பும் குழாயும் வைத்து அப்படியொரு சுற்றை அமைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

யாப் ஆ லோய் 1885இல் இறந்தார். பின்னாளில் சிலாங்கூரின் குத்தகைகளில் பெரிய கை லோக் இயூ. அவர் பெயரில் இன்றும் சாலை இருக்கிறது. ரவாங்கில் அவரோடு சேர்ந்து ஈயச் சுரங்கம் நடத்திய பங்காளி நம்மவர், தம்புசாமிப் பிள்ளை. மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் நிறுவிய அதே தம்புசாமிப் பிள்ளை. அவர் சூதாட்டக் குத்தகை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே தொழிலில் பணம் எந்தெந்த வாய்க்கால்களில் ஓடியது என்பதைத்தான் சொல்கிறேன். நாம் பத்துமலைப் படிகளை மட்டும் எண்ணுகிறோம்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு போக்கர் சிப் பெட்டி.

பிரிக்ஃபீல்ட்ஸில் கூட்டாளி ஒருவனின் அடுக்குமாடி வீட்டில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஆறேழு பேர், சில சமயம் எட்டுப் பேர், கூடிப் போக்கர் ஆடுகிறோம். ஐம்பது வெள்ளி கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ரொம்ப நாள் சில்லறை வைத்தே ஆடினோம். சில்லறை தீர்ந்தால் வாய்க்கணக்கு. "நான் தரேன்லா, எழுதிக்கோ" என்று வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பட்டியல் வளர்ந்தது. ஒருவன் நானூறு வெள்ளிக்குப் போய்விட்டான். வேலை போன மாதம் அது. அவன் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தினான், பிறகு ஃபோன் எடுப்பதை நிறுத்தினான். நானூறு வெள்ளி யாருக்கும் பெரிதில்லை, ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்தவன். அப்போதுதான் வீட்டுக்காரன் சொன்னான்: "கொங்சி போட்டு ஒழுங்கா ஒரு சிப் செட் வாங்கிருவோம்டா."

கொங்சி என்ற சொல்லை நாம் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறோம்! ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பங்கிட்டுக்கொள்வது. ஹொக்கியனிலிருந்து மலாய்க்கு வந்து, தோட்டத்துத் தமிழிலும் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் சொன்னால் முழிப்பார்கள். சுரங்கம் வைத்ததும் கொங்சிதான், சூதாட்டக் கூடம் வைத்ததும் கொங்சிதான். அந்தக் கூடங்கள் சில்லு அடித்து வெளியிட்டன என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்த செய்தி.

சயாமில் நடந்ததைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சூதாட்டக் குத்தகை எடுத்த சீனர்கள் பீங்கானிலும் பித்தளையிலும் கண்ணாடியிலும் சில்லுகள் செய்தார்கள். தாய் மொழியில் அவற்றுக்கு ‘பீ’ என்று பெயர். ஒவ்வொன்றிலும் கூடத்தின் பெயரும் மதிப்பும் இருக்கும். நாட்டில் சில்லறைக்குத் தட்டுப்பாடு. ஆகவே சூதாட்டக் கூடத்துக்காகச் செய்த சில்லைக் கொடுத்துச் சந்தையில் காய்கறி வாங்கினார்கள். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சூதாடாதவர் மடியிலும் சூதாட்டச் சில்லு இருந்தது.

கள்ளச் சில்லும் உடனே வந்தது. கூடத்துக்காரர்கள் பழைய சில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புது வடிவத்தை இறக்குவார்கள். பூ, மீன், வண்ணத்துப்பூச்சி, எண்கோணம் என்று ஆயிரக்கணக்கான வகைகள் இன்று சேகரிப்பாளர்களிடம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அழகுக்காகச் செய்ததைவிடப் பயத்தினால் செய்ததே அதிகம் என்பேன். 1875இல் சுலாலங்கோர்ன் மன்னரின் அரசு இவற்றைப் பணமாகப் புழங்கத் தடை போட்டது. எந்த அரசுக்கும் தன் நாணயத்துக்குப் பக்கத்தில் சூதாட்டக்காரனின் நாணயம் உட்கார்ந்திருப்பது பொறுக்காது.

கிளந்தான், பட்டாணி பக்கம் இதற்கு உறவுக்காரன் ஒன்று உண்டு, ‘ஜோக்கோ’ என்பார்கள். ஈயத்திலும் பீங்கானிலும் செய்தது.

இன்னொரு பாதை கான்டனிலிருந்து லண்டனுக்குப் போகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக் குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தைப் பொறித்து முத்துச்சிப்பியில் ஆட்டச் சில்லுகள் செய்யச் சொல்லிச் சீனாவுக்கு ஆர்டர் கொடுத்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் அவை போயின. வட்டம், நீள்சதுரம், மீன் என்று பல வடிவங்கள். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் சின்னப் பெண் லிடியா தான் ஆட்டத்தில் தோற்ற மீன்களையும் ஜெயித்த மீன்களையும் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். கல்லூரியில் படித்தபோது, இங்கிலாந்தில் மீன் வைத்துச் சூதாடுவார்கள்போல என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. அது சிப்பி மீன்.

தமிழருக்கும் சில்லுக்கும் உள்ள உறவு பாண்டி ஆட்டத்தோடு முடிவதில்லை. கீழடியில் வட்டச்சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்திருக்கின்றன. திருக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம். ஆனால் நம் இலக்கியத்தின் மிகப்பெரிய சூதாட்டத்தில் சில்லே கிடையாது. தருமன் வாயால் சொல்கிறான், அதுவே பந்தயம். நாடு என்று சொன்னால் நாடு, தம்பி என்று சொன்னால் தம்பி. மேசையில் எதுவும் குவியவில்லை, எதுவும் குறையவில்லை. எதிரே இருப்பது தீர்ந்துபோனதைக் கண்ணால் பார்க்க வழியில்லாததால்தான் அவன் நிறுத்தவில்லை என்று எனக்குத் தோன்றும். விதி, தர்மம் என்றெல்லாம் சொல்வார்கள். நான் வாய்க்கணக்கு என்று சொல்வேன். பாரதியின் பாஞ்சாலி சபதம் முதல் பாகம் வெளிவந்தது 1912இல். அதே 1912 முடிவோடுதான் கூட்டு மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகையும் ஒழிந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டை நான் மறப்பதில்லை.

சில்லு ஆட்டத்துக்கு வெளியேயும் தமிழர் கையில் ஏறியது. இலங்கையின் மலையகத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காப்பித் தோட்டங்கள் தங்கள் பெயர் பொறித்த உலோக வில்லைகளை அடித்தன. பறித்த காப்பிக் கொட்டைக்குக் கணக்காக அவை தமிழ்த் தொழிலாளியின் கைக்கு வந்தன. நாணயம் மாதிரியே இருக்கும். தோட்டத்தின் எல்லையைத் தாண்டினால் வெறும் தகரம். சூதாட்டச் சில்லாவது சந்தையில் காய்கறி வாங்கியது!

நம் தாத்தா பாட்டிமார் பார்த்தது இதைவிடப் பெரிய சில்லு. 1942இல் வந்த ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தது. வாழைமர நோட்டு என்றே பெயர். போகப்போக வரிசை எண்கூட இல்லாமல் அடித்துத் தள்ளினார்கள். 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவித்தான். கிள்ளானில் என் பாட்டி வீட்டில் ஒரு கட்டு ரொம்ப நாள் தகரப் பெட்டியில் கிடந்தது. சிறுவயதில் நாங்கள் அதை வைத்து வியாபாரி விளையாட்டு விளையாடினோம். பாட்டி ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் கிழித்தால் மட்டும் கோபம் வரும்.

ஆக, சில்லின் எடையையும் நிறத்தையும் பற்றிக் கடைக்காரர் பேச ஆரம்பித்தபோது என் மனதில் வேறு கேள்வி ஓடியது. இதற்குப் பின்னால் பணம் இருக்கிறதா? யார் கையில் இருக்கிறது?

எடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். அலுமினியப் பெட்டியில் வரும் மலிவுச் சில்லுகளில் ‘11.5 கிராம்’, ‘13.5 கிராம்’ என்று பெருமையாகப் போட்டிருக்கும். களிமண் கலவை என்றும் எழுதியிருக்கும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக், உள்ளே ஒரு இரும்பு வில்லை. கனமாக இருந்தால் தரம் என்று நாம் நினைப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். கேசினோக்களில் காலங்காலமாகப் புழங்கும் களிமண் கலவைச் சில்லின் எடை 8.5 முதல் 10 கிராம்தான். விட்டம் 39 மில்லிமீட்டர். இரும்பு போட்டது மேசையில் விழும்போது பத்துக்காசு மாதிரிச் சத்தம் போடும், அடுக்கினால் வழுக்கும். செராமிக் என்று விற்பது சுமார் 10 கிராம், பரப்பு முழுக்க விரும்பியதை அச்சடிக்கலாம். விலை கூடுதல். ஆனால் எங்களுக்கு அதுதான் சரி என்று வாதாடினேன். மலிவுச் செட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பத்துச் சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரலாம். சயாமியக் கூடத்துக்காரர்கள் மாதிரி நமக்கென்று ஒரு வடிவம் வேண்டும். "ஏன்டா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றான் ஒருவன். நம்பிக்கை இருப்பதால்தான் அதைச் சோதிக்க வேண்டாம் என்றேன்.

எத்தனை சில்லு என்பதற்குக் கணக்குப் போட்டோம். தொடக்கப் பந்தயம் 25 காசும் 50 காசும். ஆளுக்கு ஐம்பது வெள்ளி என்றால் 25 காசுச் சில்லு 20, ஒரு வெள்ளி 20, ஐந்து வெள்ளி 5. எட்டுப் பேருக்கு முறையே 160, 160, 40. மறுபடி வாங்குகிறவர்களுக்குச் சின்னச் சில்லு கூடுதலாகத் தேவையில்லை, பெரியது போதும். ஆகவே ஐந்து வெள்ளியை 120 ஆக்கி, இருபது வெள்ளி 60 சேர்த்தால் மொத்தம் 500 சில்லு, மதிப்பு 2000 வெள்ளி. நாங்கள் அந்தத் தொகையை ஒருநாளும் தொடப்போவதில்லை. 500 வெள்ளிச் சில்லு வேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்தான், அழகாக இருக்குமாம். அப்படி ஒன்று பெட்டியில் இருந்தால் ஒருநாள் அது மேசைக்கு வரும் என்று வீட்டுக்காரனே மறுத்துவிட்டான்.

சட்டத்தையும் பேசித்தான் ஆகவேண்டும். நான் வக்கீல் இல்லை. மலேசியாவில் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் 1953ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி போலீஸ் நுழைந்த இடத்தில் சூதாட்டக் கருவிகள் கிடைத்தால், இல்லை என்று நிரூபிக்கும்வரை அது சூதாட்ட இல்லம் என்றே கருத இடமுண்டு. இன்னொரு பக்கம், 1969இல் உரிமம் பெற்ற கெந்திங் மலைக் கேசினோவில் சில்லு மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. மெடான் பாசார் கொட்டகை மலையேறிக் குளிர்சாதனம் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டு ஆட்டத்தில் யாரும் வாடகையோ கமிஷனோ எடுப்பதில்லை, வெளியாள் வருவதில்லை. அது எங்களைக் காப்பாற்றுமா என்பதை வக்கீலாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டோம். "கேஸ் வந்தா சொல்றேன்" என்று சிரித்தார். கூட்டத்தில் இருவர் அந்தச் சிரிப்புக்குப் பிறகு காசு வைக்காமல் புள்ளிக்கு ஆடலாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்தயமில்லாத போக்கரில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுவார்கள், பொய்யே செத்துவிடும்.

இப்போதைக்கு முடிவானது இது. சில்லில் எண் மட்டும் இருக்கும், வெள்ளி என்ற குறி இருக்காது. தொகை எதுவானாலும் முதலில் தாள் பிஸ்கட் டின்னுக்குள் போகும், பிறகுதான் சில்லு கைக்கு வரும். டின்னில் இருப்பதும் மேசையில் இருப்பதும் சமமா என்று நள்ளிரவில் ஒருமுறை எண்ணுவோம். கடன் கிடையாது, தீர்ந்தவன் தே தாரிக் கலக்கலாம். நானூறு வெள்ளிக்காரனுக்கு வாட்ஸ்ஆப் பட்டியலை அழித்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பினோம். நீலக்குறி விழுந்தது, பதில் இன்னும் வரவில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் எட்டுப் பேர் கணக்கு போட்டிருக்கிறது. 25 காசுச் சில்லுக்குப் பச்சையா நீலமா என்பதில் மட்டும் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.