காடைக் குஞ்சுக்கு மூலிகை எண்ணெய்: கடன்பட்டு வாங்க வேண்டுமா?

விசுவமடுவில் ஒரு வீட்டின் பின்வளவு. தகரக் கூரையின் கீழ் கம்பிக் கூடு, அதற்குள் நூறு வரையான காடைகள். போரில் கணவரை இழந்த அந்த அம்மா குழுக்கடன் எடுத்துத் தொடங்கிய தொழில் இது. கையில் இருந்த சிறிய போத்தலை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, இந்த மூலிகை எண்ணெயை விட்டால் குஞ்சு சாகாதெண்டு சொல்லி விக்கிறாங்கள். உண்மையே?"

போத்தலின் விலை அவரது ஒரு கிழமைத் தவணைக்குச் சமம். அதனால் அந்தக் கேள்வியை இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை. தேடி வாசித்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

எண்ணெயில் என்ன இருக்கிறது?

ஓமத்தில் தைமோல், கற்பூரவள்ளியில் கார்வக்ரோல், கறுவாப்பட்டையில் சின்னமல்டிகைட், கராம்பில் யூஜினோல் என்ற பதார்த்தங்கள் உள்ளன. இவை பக்டீரியாவின் மென்சவ்வைச் சிதைக்கக்கூடியவை. தீன் பழுதாவதையும் ஓரளவு தாமதப்படுத்துகின்றன. வளர்ச்சிக்காகத் தீனில் அன்டிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. அதன் பின்னர் இத்தகைய எண்ணெய்களுக்கான தேடல் உலகெங்கும் கூடியது.

பலன் உண்டா?

காடைகளில் நடந்த ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. சிலவற்றில் நிறையும் முட்டையும் கூடின. வேறு சிலவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆய்வுகளில் பொதுவாகச் சேர்க்கப்படுவது ஒரு கிலோ தீனுக்குச் சில நூறு மில்லிகிராம் மட்டுமே. வளர்ந்த காடை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் தீன் உண்ணும். நூறு காடைக்கு 2.5 கிலோ. அதற்கு அரைக் கிராம் எண்ணெயே போதும். கூட்டினால் மணம் பிடிக்காமல் காடை தீனைக் குறைத்துவிடும். சுத்தமான எண்ணெயைத் தண்ணீரில் விடவும் கூடாது. அது தண்ணீரில் கலக்காமல் தனியே நின்று, குடிக்கும் குஞ்சின் வாயையும் தொண்டையையும் எரிக்கும். வெப்பத்திலும் காற்றிலும் எண்ணெய் ஆவியாகிப் போவதால், கலந்த தீனை நாட்கணக்கில் திறந்து வைப்பதிலும் பயனில்லை.

குஞ்சு ஏன் சாகிறது?

பொரித்த காடைக் குஞ்சின் நிறை 7 அல்லது 8 கிராம். முதல் கிழமையில் அதற்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். இரவில் மின்சாரம் நின்றால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். தண்ணீர்த் தட்டில் விழுந்தும் சாகும். தட்டில் கூழாங்கற்கள் போட்டால் இதைத் தடுக்கலாம். குஞ்சுத் தீனில் 24 வீதமளவு புரதம் தேவை. வளர்ந்த முட்டைக் கோழிக்கான தீன் இதற்குப் போதாது. எச்சத்தால் பரவும் குடற்புண் நோய் காடையை மோசமாகத் தாக்கும். இந்தக் குறைகளில் ஒன்றையும் எண்ணெய் தீர்க்காது. குஞ்சுகள் தொடர்ந்து செத்தால் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அவர் அன்டிபயோட்டிக் தந்தால், எத்தனை நாளைக்கு முட்டை விற்கக்கூடாது என்பதையும் கேட்டறியுங்கள்.

செலவில்லாத வழி

வேலியோரக் கற்பூரவள்ளியை நிழலில் உலர்த்தித் தூளாக்கி, கிலோ தீனுக்கு 5 கிராம் அளவில் கலந்து பார்க்கலாம். இலையில் எண்ணெய் மிகக் குறைவு என்பதால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஒரே வயதுக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கொடுங்கள். இறப்பையும் நிறையையும் ஆறு கிழமைக்குக் கொப்பியில் எழுதுங்கள். விற்பனையாளரின் பேச்சை விட உங்கள் கொப்பியை நம்பலாம்.

அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் சூட்டு விளக்கும் மின்சாரம் நிற்கும் இரவுக்குக் கரிச்சட்டியும் வாங்கப்போவதாகச் சொன்னார். வேலியில் கற்பூரவள்ளி ஏற்கனவே தழைத்து நின்றது.