செட் (ஆங்கிலச் சொல்)

'செட்' என்பது ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கி நிற்கும் சொற்களுள் ஒன்று. மூன்றே எழுத்துகளால் ஆன இச்சொல் வினையாகவும் பெயராகவும் பெயரடையாகவும் வழங்குகிறது. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, வினைச்சொல்லாகிய செட்டுக்கு மட்டும் 430க்கு மேற்பட்ட பொருள்களைத் தந்தது. அப்பதிப்பின் மிக நீண்ட பதிவும் இதுவே. பொது அறிவு வினா-விடைகளில் இன்றும் சொல்லப்படும் எண் இங்கிருந்து வந்ததுதான். ஆயினும் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு சிறு சொல்லில் இத்தனை பொருள்கள் எப்படிச் சேர்ந்தன என்று பார்ப்பதே பயனுடையது.

இரு சொற்கள், ஒரே வடிவம்

இன்று ஒரே சொல்லாகத் தோன்றும் செட், வரலாற்றில் குறைந்தது இரண்டு வெவ்வேறு சொற்கள்.

முதலாவது, பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்' என்னும் வினை. இதன் பொருள் 'உட்காரச் செய்தல்'. உட்காருதலைக் குறிக்கும் 'சிட்' தன்வினை. 'செட்' அதன் பிறவினை. தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. இரு-இருத்து, ஓடு-ஓட்டு, அடங்கு-அடக்கு என்று நாம் இன்றும் உயிரோடு வைத்திருக்கும் முறை இது. ஆங்கிலம் அம்முறையை இழந்துவிட்டது. லை-லே, ஃபால்-ஃபெல் (மரத்தை வீழ்த்துதல்) போன்ற சில இணைகள் மட்டுமே எச்சங்களாக நிற்கின்றன. உறவு மறந்துபோனதால் செட் தனிச்சொல்லாகி, 'வைத்தல்' என்ற பொதுப்பொருளை ஏற்றுக்கொண்டது.

வைத்தல் என்ற இந்தக் கருவிலிருந்துதான் பெரும்பாலான பொருள்கள் கிளைத்தன. மோதிரத்தில் கல்லைப் பதித்தல், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தல், அச்சு எழுத்துகளைக் கோத்தல், கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தல், உணவு மேசையை ஒழுங்குசெய்தல், விலையைக் குறித்தல், நாளை முடிவுசெய்தல் எல்லாம் செட்தான். வைத்த பொருள் அசையாமல் நிற்கும் அல்லவா? அதிலிருந்து 'உறைதல்', 'இறுகுதல்' என்ற பொருள்கள் வந்தன. சிமெண்டு செட் ஆவதும் ஜெல்லி செட் ஆவதும் இவ்வகையே. மாற்ற முடியாத விதி, பிடிவாதமான மனம், தேர்வுக்கு விதிக்கப்பட்ட பாடநூல் ஆகியவற்றுக்குப் பெயரடையாக வருவதும் இதன் நீட்சி.

சூரியன் மறைவதும் செட் என்றே சொல்லப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் சூரிய மறைவுக்கு 'இருக்கைக்குச் செல்லல்' என்று பொருள்படும் கூட்டுச்சொல் ஒன்று இருந்தது. பகலெல்லாம் நடந்த சூரியன் மாலையில் அமரப் போகிறான் என்பது அதன் கற்பனை.

இரண்டாவது சொல் வேறு வழியில் வந்தது. இலத்தீனில் 'பின்தொடர்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்த 'செக்டா', ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சில் 'செட்' என மருவி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சமயப்பிரிவைக் குறிக்கும் 'செக்ட்', உடைத் தொகுதியைக் குறிக்கும் 'சூட்' ஆகியவை இதன் உறவினர்கள். கூட்டம், தொகுதி என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல் செட் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒலி ஒன்றாகிவிட்டதால் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதினர். ஒன்றின் பொருள் மற்றொன்றின்மேல் படிந்தது. ஒரே வகையாக 'வைக்கப்பட்ட' பொருள்களின் தொகுதி என்று இன்று நாம் இயல்பாக விளக்கிக்கொள்வது, இவ்விரு ஓடைகளும் கலந்த பிறகு தோன்றிய எண்ணம்.

எண்ணியவர்கள்

1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இத்தகைய சிறு வினைகளே தம்மை மிகவும் அலைக்கழித்தன என்று முன்னுரையில் வருந்துகிறார். அவர் அடுக்கும் பட்டியலில் செட்டும் உண்டு. அரிய சொல்லுக்கு ஒரு வரி போதும். அன்றாடச் சொல்லுக்குப் பக்கங்கள் தேவை. ஜான்சன் 'டேக்' என்ற வினைக்கு மட்டும் 134 பொருள்கள் எழுதினார்.

ஆக்சுபோர்டு அகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. பணி முடிந்தது 1928இல். முதன்மைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே 1915இலேயே காலமாகிவிட்டார். செட் அடங்கிய பகுதியைப் பார்த்தவர் உடன் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி.

2011இல் 'ரன்' என்னும் வினை 645 பொருள்களுடன் செட்டை முந்தியதாகச் செய்தி வந்தது. இந்தப் பந்தயம் அவ்வளவு நேர்மையானதன்று என்பது என் கருத்து. மூன்றாம் பதிப்புக்கான திருத்தம் எம் எழுத்தில் தொடங்கி அகரவரிசையில் சென்றதால் ஆர் முதலில் வந்தது. புதிய முறையில் எண்ணப்பட்ட ரன்னை, பழைய பதிப்பில் எண்ணப்பட்ட செட்டோடு ஒப்பிட்டே முடிவு சொன்னார்கள். மேலும் எண்ணிக்கை அகராதிக்காரரின் கத்தியைப் பொறுத்தது. எலும்பை வைப்பதும் கல்லைப் பதிப்பதும் ஒரு பொருளா, இரண்டா? 'செட் ஆஃப்', 'செட் அப்' போன்ற தொடர்களைச் சேர்ப்பதா, விடுவதா? வெட்டுபவர் கைக்கு ஏற்ப விடை மாறும்.

ஒருபொருட் சொற்கள்

1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட சொற்களஞ்சியம் ஒரே பொருளுடைய ஆங்கிலச் சொற்களைத் தலைப்புவாரியாகத் தொகுத்தது. நம் நிகண்டுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்பணியைச் செய்தன. அவற்றில் ஒருசொல் பலபொருளுக்கெனத் தனித் தொகுதியும் உண்டு. ஆனால் பட்டியலை மட்டும் நம்பினால் மாணவர் சறுக்குவார். செட், புட், லே மூன்றும் 'வை' என்றாலும், புட் பொதுவானது. லே கிடத்தி வைப்பது. செட்டில் இடமறிந்து வைக்கும் கவனம் தெரியும். தொகுதி என்ற பொருளிலும் இப்படியே. 'பேட்ச்' ஒரே நேரத்தில் உருவானது. 'சீரிஸ்' வரிசை உடையது. 'செட்' என்றால் ஒன்று குறைந்தாலும் குறை தெரியும். ஒரு காய் தொலைந்த சதுரங்க செட்டை யாரும் முழு செட் என்பதில்லை.

கணிதத்தில் கேன்டர் செருமன் மொழியில் 'மெங்கே' என்றழைத்த கருத்து ஆங்கிலத்தில் செட் ஆனது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது 'கணம்', இலங்கையில் 'தொடை'.

தமிழ்ப் பேச்சிலும் செட் குடியேறிவிட்டது. பம்பு செட்டும் செட் தோசையும் பிரெஞ்சு வழி வந்த தொகுதியின் பிள்ளைகள்; சினிமா செட்டும் அலாரம் செட் பண்ணுவதும் பழைய ஆங்கில வினையின் பிள்ளைகள். 'அந்த ஊர் எனக்கு செட் ஆகாது' என்பதோ நாமே உண்டாக்கிய வழக்கு. 'ஒத்துவராது' என்ற இப்பொருளில் ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால், அவர் சிமெண்டைத்தான் நினைப்பார்.