மாணவர்களின் வழிபாட்டுத் தலப் பயணங்கள் (சிங்கப்பூர்)

சிங்கப்பூரில் பள்ளி மாணவர்கள் பிற சமயத்தாரின் வழிபாட்டுத் தலங்களுக்குச் சென்று, அங்குள்ள வழக்கங்களைக் கண்டும் கேட்டும் அறிந்துகொள்ளும் முறை. பள்ளிகளில் இது பெரும்பாலும் ‘கற்றல் பயணம்’ என்ற பெயரில் நடைபெறுகிறது.

சமயத்தைப் பாடமாகவே கற்பிக்கும் முயற்சி ஒன்று இங்கு முன்பு நடந்தது. 1984 முதல் உயர்நிலை மேல்வகுப்புகளில் சமய அறிவு கட்டாயப் பாடமாக இருந்தது. பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுத்தார். பெரும்பாலோர் தம் சமயத்தையே எடுத்ததால், அடுத்த மேசைக்காரரின் சமயம் அந்நியமாகவே நின்றது. சமய எழுச்சியும் மதப் பரப்பலும் கூடுகின்றன என்ற கவலையில் 1989இல் இதைக் கைவிட அரசு முடிவெடுத்தது. மறு ஆண்டே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்தின் நினைவாக, 1997 முதல் அந்த நாளைப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. அதையொட்டியும் இப்பயணங்கள் நடப்பதுண்டு.

இவற்றுக்குத் தெலுக் ஆயர் வீதியைவிடப் பொருத்தமான இடம் அரிது. கடலைத் தூர்ப்பதற்கு முன் இதுவே கரை. பிழைப்புத் தேடி வந்திறங்கியவர்கள் கரையோரத்திலேயே நன்றி செலுத்த இடம் கட்டிக்கொண்டார்கள். ஹொக்கியன் சீனர்கள் கடலோடிகளைக் காக்கும் ‘மாசூ’ (Mazu) என்னும் பெண் தெய்வத்துக்குத் தியான் ஹொக் கெங் கோயிலை எழுப்பினர்; அது 1842 வாக்கில் முடிந்தது. சில அடிகள் தள்ளி, நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828–30இல் எழுப்பிய தர்கா நிற்கிறது. அவரது அடக்கத்தலம் நாகூரில்தான், இங்கிருப்பது நினைவிடம். அருகே, 1827இல் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். கடலைக் கடந்த அச்சமும் நன்றியும் இரு சமயங்களிலும் ஒரே தெருவில் கட்டடமாகி நிற்பதைப் பார்க்கும் மாணவருக்குத் தனி விரிவுரை வேண்டியதில்லை.

சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலும் அருகருகே உள்ளன. வாட்டர்லூ வீதியில் 1878இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம், குவான் இம் கோயில், ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் மூன்றும் உள்ளன. குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் பலர் கிருஷ்ணன் சன்னிதி முன்னும் ஊதுபத்தி ஏற்றிச் செல்கின்றனர். எந்தப் பாடநூலின் வகைப்பாட்டிலும் அடங்காத இக்காட்சியை மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இந்துக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் செருப்பைக் கழற்றுவது, சீக்கியரின் குருத்துவாராவில் தலையை மூடுவது, தொழுகை நேரத்தைத் தவிர்ப்பது போன்றவற்றை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். வழிபாட்டில் பங்கேற்கக் கட்டாயமில்லை; பார்ப்பதும் கேட்பதும் போதும். கட்டடக் கலையையும் ஆண்டுகளையும் மட்டும் விளக்கினால் பயணம் சுற்றுலாவாகச் சுருங்கிவிடும். அங்கே அன்றாடம் வழிபடும் ஒருவரோடு மாணவர்கள் பேசுவதே இதன் உயிர்நாடி. ஏன் நோன்பு இருக்கிறீர்கள், ஏன் தீ மிதிக்கிறீர்கள் என்று தயங்காமல் கேட்க அங்குதான் முடியும்.

1949இல் தொடங்கிய சமயங்களுக்கு இடையிலான அமைப்பு பத்துச் சமயங்களின் பிரதிநிதிகளைக் கொண்டது. சமயத்தாரிடையேயான இத்தகைய உரையாடல்களுக்கு நெடுங்காலமாகத் துணைநிற்கும் அமைப்புகளுள் இதுவும் ஒன்று.